ஜூன் ஒன்றுக்குள் பதில்

துலாரி,
நவம்பர் 9

அன்பு மகன் அன்செல்மோவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, அதை விடு. உனக்குச் சளி பிடித்திருந்ததே, விட்டதா? கப்பலில் வெந்நீராவது கொடுக்கிறார்களா?

நீ மின்னஞ்சலில் எழுதச் சொல்கிறாய். உங்கள் கப்பலில் இணைப்பு இரண்டு நாள் வருகிறது, பத்து நாள் காணாமல் போகிறது. அதோடு நாள் முழுக்க வகுப்புக்காகத் தட்டித் தட்டி விரல் நோகிறது. உனக்காவது கையால் எழுதுகிறேன்.

இனி அடக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். டேவிஸ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுகிறேன்! கால்நடை அறிவியல். நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாம். இந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

நான் இப்போது படிப்பது இரண்டு வருடச் சமுதாயக் கல்லூரி. நான் ஐந்தாவது வருடமாக இங்கே இருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கு வழி சொல்லும் ஆலோசகர் தாவ் நான் படித்த பாடங்களின் பட்டியலைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். பல்கலைக்கழகம் எழுபது கிரெடிட்டுக்கு மேல் கணக்கில் எடுக்காதாம். என்னிடம் தொண்ணூற்று நான்கு இருக்கிறது. "மிசஸ் போர்பா, இந்தக் காலேஜ்ல கட்டடத்துக்கு அடுத்தபடியா பழசு நீங்கதான். வெல்டிங் எல்லாம் எதுக்குங்க எடுத்தீங்க?" என்றார். "வாசல் கேட்டு உடைஞ்சிருந்துச்சு" என்றேன்.

விண்ணப்பத்தை நிரப்பும்போது ஒரே ஒரு இடத்தில் விரல் நின்றது. மூன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு பருவத்தில் எல்லா வகுப்பையும் பாதியில் விட்டிருக்கிறேன், காரணம் கேட்கிறார்கள். நீ கடற்படையில் சேர்ந்து கிளம்பிய பருவம் அது. "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதினேன்.

போன வாரம் வகுப்பில் ஒரு வேடிக்கை. கன்று போட்ட பசு எழுந்திருக்கவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று ஆசிரியை கேட்டாள். முப்பது பேரும் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். "காதைத் தொட்டுப் பாப்பேன். சில்லுன்னு இருந்தா ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து இல்லைன்னு அர்த்தம்" என்றேன். இருபத்திரண்டு வருடம் பால் கறந்தவளுக்கு இது தெரியாதா? ஆனால் காது ஏன் சில்லிடுகிறது என்று மட்டும் தெரியாமல் இருந்தது. அவள் விளக்கினாள். அன்று வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

உன் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டேன். ஜூனில் உன் நான்கு வருடம் முடிகிறது இல்லையா? எந்தத் தேதி?

முத்தங்களுடன்,
அம்மா

*

கப்பலிலிருந்து,
டிசம்பர் 2

அம்மாவுக்கு,

நான் சுகம். சளி அன்றே போய்விட்டது, நீதான் மறக்கவில்லை. முழங்காலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா, இல்லை மாட்டு வைத்தியத்தையே நீயும் போட்டுக்கொள்கிறாயா?

விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை அழுத்தினாயா, இல்லையா? உன் கடிதம் என் கைக்கு வருவதற்குள் கடைசித் தேதியே போய்விட்டது. என் நகத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை.

இயந்திர அறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எங்கள் மேலதிகாரி ராட்ரிக் சாதாரணமாக யாரையும் புகழ மாட்டார். அவரே, "நாப்பத்தேழு வயசுல டேவிஸா? டேய், உனக்கு அந்த மூளையில கால்வாசியாவது வந்திருக்கக் கூடாதா?" என்றார். நீ அனுப்பிய எலுமிச்சை பிஸ்கட்டை அவர்தான் பாதி தீர்த்தார் என்பதையும் சேர்த்துக்கொள்.

விரிப்பை மாற்றும் நேரத்தில் வேதியியல் படி. உன் இறுதித் தேர்வு எப்போது?

உன் மகன்,
அன்செல்மோ

*

துலாரி,
டிசம்பர் 21

அன்செல்மோவுக்கு,

நான் நலம். மருத்துவர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, எடையைக் குறைக்கச் சொன்னார். அவர் வயிற்றைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. நீ பண்டிகைக்கு நன்றாகச் சாப்பிடு.

அழுத்திவிட்டேன்! நவம்பர் இருபத்தொன்பது, நூலகக் கணினியில். மூன்று முறை தண்ணீர் குடிக்க எழுந்தேன். கடைசியில் நூலகர் வந்து, "இன்னும் பத்து நிமிஷத்துல பூட்டிடுவோம்" என்றார். அவர் பூட்டப் போகிறாரே என்றுதான் அழுத்தினேன். "பெற்றுக்கொண்டோம்" என்று திரையில் வந்ததும் எனக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டியும் விட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேதியியலில் முதல் மதிப்பெண். பெருமை அடிக்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

உன் ஜெசுயினா அத்தைக்கு வாய் சும்மா இருக்குமா? "பேரப்பிள்ளையை இடுப்புல தூக்க வேண்டிய வயசுல புத்தகப்பையைத் தூக்கிக்கிட்டு எங்கடி போற? பையன் கடல்ல இருந்து வந்து நின்னா பூட்டின கதவா அவனுக்குச் சோறு போடும்?" என்றாள். நான் பதிலுக்கு ஒன்று கொடுத்தேன், அது கடிதத்தில் எழுதுகிற மாதிரி இல்லை. ஆனாலும் அந்தப் பூட்டின கதவு மனசில் உட்கார்ந்துவிட்டது. அப்பா போய் ஏழு வருடம் ஆகிறது. உனக்கு வந்து இறங்க இந்த ஒரு வீடுதான் இருக்கிறது. டேவிஸ் நாலு மணி நேரப் பயணம், தினம் போய்வர முடியாது. இடம் கிடைத்தாலும் அடுத்த வருடம் போகலாமோ என்று ஒரு யோசனை.

நீ ஜூன் தேதியைச் சொல்லவே இல்லை.

அம்மா

*

கப்பலிலிருந்து,
ஜனவரி 26

அம்மா,

உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் ஏறியிருக்கிறது.

அடுத்த வருடமா? உன் வாயில் எத்தனை அடுத்த வருடம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார். ஆங்கிலம் இன்னும் சரியாக வரட்டும், அடுத்த வருடம். கணிதம் முடியட்டும், அடுத்த வருடம். வாசல் கேட்டுக்கு வெல்டிங் முடியட்டும், அடுத்த வருடம்! நான் முட்டை பொரிக்கத் தெரிந்த இருபத்து மூன்று வயது மனிதன். அத்தையிடம் சொல்லிவிடு, பூட்டின கதவைத் திறக்கச் சாவி என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தேதி என் கையில் இல்லை. வந்ததும் எழுதுகிறேன். இங்கே வேலை முதுகை முறிக்கிறது. புது இயந்திரம் ஒன்றை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், அதன் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன குறை என்று சொல்கிறேன். நீ மாட்டின் காதைத் தொடுகிற மாதிரிதான். நீ இதைப் பார்க்க வேண்டும் அம்மா.

இந்தப் பருவத்தில் எந்த வகுப்பையும் விடாதே. என்ன நடந்தாலும்.

அன்செல்மோ

*

துலாரி,
ஏப்ரல் 23

என் செல்லமே, அன்செல்மோ,

நீ சௌக்கியமா என்று பிறகு கேட்கிறேன்.

கிடைத்துவிட்டது!

தீவனம் நிறுக்கும் ஆய்வகத்தில் இருந்தேன். கைபேசியில் செய்தி. கையில் இருந்த சோளத்தட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். முழங்கால் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தாவ் அறைக்குள் நுழையும்போது மேலெல்லாம் தவிடு. அவர் அறையில் பெரிய மாட்டு மணி ஒன்று தொங்கும். இடம் கிடைத்தவர்கள் அதை ஆட்ட வேண்டும், இது எங்கள் கல்லூரி வழக்கம். நான் ஆட்டிய ஆட்டில் எதிர் அறையில் கணக்குத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தவர் வெளியே வந்து, "போதும் மிசஸ் போர்பா, மாடே ஓடிப்போயிருக்கும்" என்றார். தாவ் சிரிக்கிறார், அழுகிறார், இரண்டும்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தார். "ஜூன் ஒண்ணுக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லணும். இந்தத் தடவை சொல்லிடுவீங்கல்ல?" என்றார்.

இந்தத் தடவை என்றதும் எனக்கு முகம் சுட்டது. உனக்கும் சொல்லிவிடுகிறேன், திட்டிக்கொள். போன வருடமும் எனக்கு அங்கே இடம் கிடைத்தது. உன்னிடம் சொல்லவில்லை. அந்தக் கோடையில் நீ நீண்ட விடுப்பில் வருவதாக இருந்தது. நான் பதில் போடாமல் இருந்தேன், தேதி தானாகப் போய்விட்டது. நீ ஒன்பது நாள் இருந்துவிட்டுக் கிளம்பினாய். அந்த ஒன்பது நாளுக்காக நான் வருத்தப்படவில்லை, அதை நீ நம்ப வேண்டும்.

"ரெண்டு தடவை கூப்பிட்டு வராதவங்களை மூணாவது தடவை கூப்பிடுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் தாவ். அவர் சொன்னதில் பிழையே இல்லை. எனக்கு நாற்பத்தெட்டு நடக்கப் போகிறது. ஆனால் நீ நான்கு வருடப் பணி முடிந்து இந்த ஜூனில் வீட்டுக்கு வருகிறாய், நான் அதற்குள் பெட்டி கட்டுவதா? நாள் முழுக்க மனசு ஆம் என்கிறது, சோறு வைக்கும்போது இல்லை என்கிறது.

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியாகத்தானே இருக்கிறது?

உன் அம்மா
(மூன்றாம் ஆண்டு மாணவி என்று எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. எழுதவில்லை.)

*

கப்பலிலிருந்து,
மே 13

அம்மா, அம்மா, அம்மா!

நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. எழுதாததற்கு வேலைதான் காரணம், மன்னித்துவிடு.

உன் கடிதத்தை இயந்திர அறையில் உரக்கப் படித்தேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது, ஆனாலும் எல்லாரும் கத்தினார்கள். ராட்ரிக் என் தோளில் அறைந்த இடம் இன்னும் வலிக்கிறது.

போன வருடத்தைப் பற்றிப் படித்தபோது மட்டும் எழுந்து வெளியே போய் நின்றேன். திட்டப் போவதில்லை.

ஆம் என்று சொல். நான் வருவேனா, எப்போது, எத்தனை நாள் என்று எதையும் அதில் சேர்க்காதே. தேர்வுகளையும் முழுதாக எழுதி முடி; ஒரு வகுப்பை விட்டாலும் கொடுத்த இடத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய்.

அத்தை மகன் என் பிக்கப் வண்டியைக் கேட்டானாம். கொடுத்துவிடு, சும்மாதானே நிற்கிறது.

அன்செல்மோ

*

துலாரி,
ஜூன் 5

அன்செல்மோவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் மே மாதக் கடிதம் நேற்றுதான் வந்தது.

பரிசுத்த ஆவித் திருவிழா முடிந்தது. இந்த வருடம் ஊர் விருந்துக்குச் சோப்பாஸ் சமைப்பது என் பொறுப்பு. தொள்ளாயிரம் பேர்! ஒன்பது அண்டாவில் இறைச்சி வெந்தது. ரொட்டி அடுக்கி, புதினா போட்டு, மேலே சாறு ஊற்றும்போது ஜெசுயினா வந்து ருசி பார்த்தாள். "உப்பு சரியா இருக்கே, யார் போட்டது?" என்றாள். அவளிடமிருந்து வந்த பாராட்டு, சட்டம் போட்டு மாட்டலாம். பாத்திரம் கழுவும்போது கை தூக்க முடியவில்லை, வாய் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

தேர்வுகள் முடிந்தன. எல்லாவற்றிலும் தேறினேன்.

ஜூன் ஒன்று வந்தது, போயிற்று. அதைப் பற்றி நீ வந்த பிறகு நேரில் பேசிக்கொள்ளலாம்.

வண்டியை ஏன் கொடுக்கச் சொல்கிறாய்? வீட்டுக்கு வந்தால் எதில் போவாய்?

அம்மா

*

கப்பலிலிருந்து,
ஜூன் 29

அம்மாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு இல்லை.

"ஜூன் ஒன்று வந்தது, போயிற்று." இந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. போன வருடம் போலவே இந்த வருடமும் என்னால் போயிற்று. அதுவும் யாருக்காக விட்டாயோ அவன் வரப்போவதில்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதி இன்னும் நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது அம்மா. அந்த இயந்திரங்களை விட்டுவர மனம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் காகிதத்தை எடுப்பேன். நான்கு வருடம் முன்னால் முதல் கையெழுத்துப் போட்டபோது நீ "போய்ட்டு வா" என்றாய். பிறகு பருவம் முழுக்க வகுப்பை விட்டுவிட்டு என் அறையில் படுத்திருந்தாய் என்று அத்தை சொல்லித்தான் தெரியும். இந்த முறையும் அப்படி ஏதாவது செய்து, கிடைத்த இடத்தையும் தொலைத்துவிடுவாயோ என்று பயந்தேன். நீ ஆம் என்று சொல்லி, தேர்வும் முடித்த பிறகு சொல்லலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். கெட்டிக்காரன் என்று நினைத்தேன். பெரிய முட்டாள்.

பத்தாம் தேதி துறைமுகத்திலிருந்து போனில் பேசினோமே, "கொஞ்சம் தள்ளிப்போகுதும்மா" என்று சொன்னேன். நீ உடனே, "பரவாயில்லப்பா, பரவாயில்ல" என்றாய். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. வருத்தத்தை மறைக்கத்தான் அவ்வளவு வேகமாகச் சொல்கிறாய் என்று நினைத்தேன்; டேவிஸைப் பற்றி நான் கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

அக்டோபரில் இரண்டு வாரம் விடுப்பு உண்டு. வந்து உன் காலில் விழுகிறேன். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதிக் கேட்கட்டுமா? தாமதமானவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

உன் பாவி மகன்,
அன்செல்மோ

*

டேவிஸ்,
ஜூலை 22

அன்செல்மோவுக்கு,

மேலே ஊரின் பெயரைப் பார்த்தாயா? இன்னொரு முறை பார். நான் நலமாக, குண்டாக, வெயிலில் கறுத்து, டேவிஸில் இருக்கிறேன். உன் கடிதத்தை ஜெசுயினா இந்த விலாசத்துக்குத் திருப்பி அனுப்பினாள்.

யாருக்கும் எழுதிக் கெஞ்ச வேண்டாம். மே முப்பதாம் தேதி ஆம் என்று அழுத்திவிட்டேன். வகுப்பு செப்டம்பரில்தான், ஆனால் கோடைக்கு மாணவர் மாட்டுப்பண்ணையில் வேலை கொடுத்தார்கள். அதிகாலை கறவை. என்னோடு இருக்கும் மூன்று பெண்களுக்கும் இருபது வயது. முதல் நாள் என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். நானும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துகொண்டேன்.

எப்படி அழுத்தினேன் என்று சொல்கிறேன், கேள். அன்று காலையில் தாவ் அறைக்குப் போனது டேவிஸுக்கு இல்லை என்று சொல்லத்தான். நீ வரப்போகிறாய், ஒரு வருடம் பொறுப்போம், அதுவரை சும்மா இருக்காமல் இங்கேயே ஏதாவது ஒரு வகுப்பில் சேர்வோம் என்று முடிவு செய்திருந்தேன். "எனக்குத் தோதா, இன்னும் நான் எடுக்காத பாடம் என்ன இருக்குன்னு பாருங்க" என்றேன். அவர் கணினியில் ரொம்ப நேரம் தட்டினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"ரெண்டு இருக்கு மிசஸ் போர்பா. ஒண்ணு ஆண்கள் மல்யுத்தம். இன்னொண்ணு போர்ச்சுகீஸ், ஆரம்ப நிலை. எதுல போடட்டும்?"

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. நான் பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை! பதினாறு வயதில் போர்ச்சுகீஸ் தீவிலிருந்து விமானம் ஏறி வந்தவள், இங்கே உட்கார்ந்து நாலு மாதம் "என் பெயர் டியோலிண்டா" என்று சொல்லிப் பழகவா? எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கல்லூரியில் எனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. இத்தனை நாளாக நான் படிக்கவில்லை, ஒளிந்துகொண்டிருந்தேன். "நகருங்க" என்று அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுத்தினேன்.

நீ பத்தாம் தேதி போன் செய்தபோது நான் இந்த ஊரில், இந்த அறைக்குச் சாவி வாங்க வரிசையில் நின்றிருந்தேன். நீ தள்ளிப்போகிறது என்றதும் எனக்கு உயிர் வந்தது. அதுதான் அந்தப் பரவாயில்லை. வருத்தமில்லை அன்செல்மோ, நிம்மதி.

இதைத்தான் நான் உனக்கு எழுத முடியாமல் இருந்தேன். நீ கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியாது. ஜூன் கடைசியில் நீ பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பாய் என்று முழுதாக நம்பிக்கொண்டுதான் அழுத்தினேன். நீ வருகிறாய், நான் போகிறேன் என்று தெரிந்தே அழுத்தினேன். ஒரு தாய் இதைப் பெற்ற பிள்ளைக்கு எந்த வார்த்தையில் எழுதுவாள்? அதனால் சோப்பாஸ் பற்றி எழுதினேன்.

ஆகவே என் இடம் போனது உன்னால் என்று நீ அழ வேண்டாம். நீ தங்கிவிட்டதால்தான் நான் வந்தேன் என்று பெருமைப்படவும் வேண்டாம். நீ உன் இயந்திரத்துக்காகக் கையெழுத்துப் போட்டாய், நான் என் மாட்டுக்காகப் பொத்தானை அழுத்தினேன். நான்கு வருடம் என்று படித்ததும் அழுதேன்தான், பொய் சொல்லவில்லை. அழுது முடித்துவிட்டுக் கறவைக்குப் போனேன். ஒரு நாள் கறவையைக்கூட விடவில்லை, வகுப்பை விட்டுவிடுவேன் என்ற பயம் உனக்கு இனி வேண்டாம்.

காலில் எல்லாம் விழாதே. அக்டோபரில் நேரே இங்கே வா, துலாரி வீட்டில் ஜெசுயினா மகன் குடியிருக்கிறான். என்றைக்கு வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது. அந்த வாரம் எனக்குத் தேர்வு இருந்தால், நீ வேறு வாரம் வா.

உன் அம்மா,
டியோலிண்டா போர்பா,
கால்நடை அறிவியல், மூன்றாம் ஆண்டு